குழாய்க்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றியது நான்தான். வீட்டில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, கேட்கவும் இல்லை. கேட்காததையே சாக்காக வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சும்மா இருந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, ஓடைக்கு அக்கரையில் எங்கள் வீடு. அக்கா பத்தாவது தேறியிருந்தாள். மேலே படிக்க வேண்டுமானால் பெரம்பலூர் போக வேண்டும். காலை பஸ் வருகிற நேரமும் பள்ளிக்கூட மணியும் ஒத்துவரவில்லை. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கூட்டிட்டுப் போயி கூட்டியார ஆளு இருந்தா படிக்கட்டும். இல்லன்னா வூட்டோட இருக்கட்டும்."

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். பெரம்பலூரில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் ஒருவரைச் சுமக்கவே அது மேட்டில் திணறும். புகைக்குழாய் தரையை ஒட்டிப் போனதால், ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே இன்ஜின் நின்றுவிடும். மழைக்காலத்தில் பாதி நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள இத ஆளாக்கிடறேன் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

திட்டம் முழுவதும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. எழுதியவள் அக்கா. மாமாவுக்குக் கைவேலை தெரியுமே தவிர படம் போட வராது. சிலிண்டரைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் போரிங் போட்டு உள்வாயை அகலமாக்கி ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் ஏற்றுவது, கார்புரேட்டரை மாற்றுவது, புகைக்குழாயை மேலே தூக்கி வலப்பக்கம் சீட்டை ஒட்டிப் பின்னால் கொண்டுபோவது என்று வரிசையாக எழுதியிருந்தாள். "மூணு பேர இழுக்கணும், தண்ணியிலயும் நிக்கக் கூடாது" என்பார் மாமா. அவர் கடைக்கு ஏற்றிப் போகிற பம்பு மோட்டாரையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதுவரை மாமா என்னுடையவர். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது நான், பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவது நான். இப்போது அவரும் அக்காவும் வண்டியின் பக்கத்தில் குந்தியிருக்க, அவள் பென்சிலால் காட்டினாள்.

"இங்க வளைச்சா கிக்கர ஒதைக்கிறப்ப கால் சுடும் மாமா. இன்னும் நாலு வெரக்கடை மேல தூக்குங்க."

"அட, ஆமாம் புள்ள."

என்னை ஒருநாளும் அவர் அப்படி ஆமோதித்ததில்லை. நானும் ஒரு படம் வரைந்து நீட்டினேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "றெக்கைய எங்க வைக்கிறது மாப்ள?" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா தையல் டேப்போடு வந்தாள். "கட்டில்ல ஒக்காந்து காலத் தொங்கப் போடுடா." முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அளந்தாள். இதுவும் கேலிதான் என்று அவள் கையை உதைத்துவிட்டு ஓடினேன். "அளந்தாச்சு, போ" என்றாள்.

குழாயை மாமா எறையூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்திருந்தார். அதை வெறுமனே வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே ஆற்றுமணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, கொல்லுப் பட்டறை உலையில் பழுக்கவைத்து வளைக்க வேண்டும். மணலில் துளியும் ஈரம் இருக்கக் கூடாது. மணலை வறுக்கும் பொறுப்பை மாமா அக்காவிடம் விட்டார். இரும்புச் சட்டியில் வறுத்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, மறுபடியும் வறுத்தாள். கொல்லுப் பட்டறைக்காரர், "மருமவளையே மேஸ்திரி ஆக்கிட்டியாப்பா" என்று மாமாவைச் சீண்டினார்.

குழாயில் மணலை நிரப்பி, மேல்முனையை அடைக்காமல் பட்டறைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் திரும்பி வந்தேன். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். மணல் குடித்துக்கொண்டது. மேலே காய்ந்த மணலைப் போட்டு மூடினேன். குழாய் வளையாமல் கெட்டுப்போகும், மாமா அக்காவைத் திட்டுவார் என்பதுதான் என் எண்ணம். தண்ணீர் ஆவியாகும் என்று ஐந்தாம் வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.

சாப்பிட்டு வந்த அக்கா கட்டையை அடித்து இறுக்கினாள். குழாய் சிவக்கும் நேரத்தில் கட்டை வெடியைப்போலத் தெறித்தது. கொதிக்கிற மணல் மாமாவின் வலது கையிலும் கழுத்திலும் அப்பியது.

"நல்லாத்தான் வறுத்தேன் மாமா. கையில ஒட்டல" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஈரம் இருந்திருக்கும் புள்ள. விடு" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கை ஆறியது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அந்தக் கையால் ஆக்சிலேட்டரை முறுக்க முடியாது. போரிங் போட்டு வந்த சிலிண்டர் சாக்கிலேயே கிடந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. "படிச்ச படிப்பு மணலு வறுக்கவும் ஆவல" என்றார் அப்பா. மறுவருடம் அக்காவை அரியலூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என்னைப் பெரம்பலூர் விடுதியில் சேர்த்தார்கள். பட்டம் வாங்கும்வரை படித்தேன்.

மாமா போன தை மாதம் காலமானார். அவருடைய டூல்ஸ் பெட்டியின் அடியில் அந்த நோட்டு இருந்தது. கடைசிப் படத்தில், வலப்பக்கக் குழாயின் மேல் துளைகள் போட்ட ஒரு தகடு. பக்கத்தில் அக்காவின் எழுத்து: "தம்பிக்குக் கால் சுடாமல் இருக்க. முழங்காலுக்குக் கீழே பன்னிரண்டு அங்குலம்."

தாவணி கட்டியவள் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டுத்தான் உட்காருவாள். அவளுக்கு அந்தத் தகடு தேவையே இல்லை. மாமாவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து, பெரம்பலூரில் ஆறாம் வகுப்புக்குப் போவதாக இருந்திருக்கிறது. மூன்றாவது ஆள் யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அரியலூர் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"ஒரு டம்ளரா?"

"ஆமாக்கா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கினாள். குழாயின் வளைவின் மேல் விரலை ஓட்டி, தகடுவரை வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.

"நான்தான் சரியா வறுக்கலன்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். "அப்ப எல்லாஞ் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."