நான் தொடவே இல்லை, சார்

எங்கள் மேனேஜருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் கிளம்பும்போது மேசை மேசையாகப் போய் பிளக் ஸ்விட்சுகளை எல்லாம் டப் டப்பென்று அணைப்பார். அம்பத்தூரில் எங்கள் பட்டறை தீப்பிடிக்காமல் நிற்பதே தன்னால்தான் என்று நினைப்பு.

என் பிழைப்பு அந்த ஸ்விட்சில்தான் தொங்கியது. அம்மாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். கட்டிலை விட்டு இறங்க நான் பிடிக்க வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. மாங்காட்டு வீட்டிலிருந்தே டிசைன் வரைகிறேன் என்றேன். வரைகிற சாஃப்ட்வேர் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடும்; வீட்டிலிருந்து நெட் வழியாக அதைத்தான் இயக்க வேண்டும்.

"தெனம் உன் மெஷின ஆன் பண்ண ஒரு ஆள் போடணுமா?" என்றார் மேனேஜர்.

வேண்டாம், நானே எழுப்புவேன் என்றேன். ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டர் முழுசாகத் தூங்குவதில்லை. பிளக்கில் கரண்ட் இருந்தால் நெட்வொர்க் கார்டு மட்டும் காதைத் திறந்து வைத்திருக்கும். நெட்டில் அதன் எண்ணுக்கு ஓர் அழைப்பு அனுப்பினால் எழுந்துவிடும். ஸ்விட்சை மட்டும் அணைக்காதீர்கள் சார் என்று கெஞ்சாத குறை. ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டச் சொன்னேன். டேப் குப்பைக்கூடைக்குப் போனது.

காலையில் நான் கூப்பிடுவேன், மெஷின் எழாது. லேத் ஓட்டுகிற அண்ணாத்தே வந்து ஸ்விட்சைத் தட்டிவிடும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"உன் வித்த பலிக்கல பாத்தியா? ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் நேர்ல வா. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர்.

அணைப்பதும் இவர், எழவில்லை என்பதும் இவர்!

பூஜையன்று அண்ணாத்தே வீடியோ காலில் வந்தார். "உன் மெஷினுக்கும் பொட்டு வச்சிகீறோம், பாரு தங்கச்சி." அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஓய்வு. சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு மின்னியது. அதன் வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். என் மெஷினைச் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு! பல்பு எரிகிறதென்றால் மெஷினுக்கும் கரண்ட் இருக்கிறது.

மேனேஜர் கற்பூரத்தட்டைத் தூக்கினார். நான் போனில் அழைப்பைத் தட்டினேன்.

ஃபேன் உறுமியது. நெற்றிப் பொட்டோடு என் மெஷின் எழுந்து உட்கார்ந்தது. தட்டு அப்படியே நின்றது.

"பூஜை அன்னிக்கு எவன்டா மெஷினத் தொட்டது?"

"நான்தான் சார், மாங்காட்டுலேருந்து. ஆனா நான் தொடவே இல்லை சார்."

பக்கத்தில் நின்ற முதலாளி பொரியை மென்றுகொண்டே சிரித்தார். "ஊட்லேருந்தே ஆன் பண்ணுதா? அப்புறம் இன்னாத்துக்குயா அந்தப் பொண்ண வரச் சொல்ற?"

சாயங்காலம் மேனேஜர் என் ஸ்விட்சை மட்டும் அணைக்காமல் கிளம்பினார் என்று அண்ணாத்தே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் அவர் என்னை வரச் சொன்ன நாள். நான் போகவில்லை. முதலில் அம்மாவை எழுப்பி உட்காரவைத்தேன். அப்புறம் மெஷினை எழுப்பினேன்.