எஃப்.சி. எடுத்த உடம்பு

மல்லசமுத்திரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கந்தண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை. தெருமுனையில் அவர் அடிக்கும் ஹாரன், நான் வெளியூர்களில் சுற்றிய காலத்திலும் என் தூக்கத்துக்குள் கேட்கும். சிறுவயதில் நாசிக் வெங்காய வாசனை மாறாத கேபினில் எங்களை ஏற்றி ஒரு சுற்று விடுவார். அவர் மனைவி சரிதாக்கா சொம்புத் தண்ணீரோடு வாசலில் நிற்பார்.

நான் ஊரில் இல்லாதபோது நடந்ததை அக்காவே சொன்னார். மற்ற டிரைவர் வீடுகளிலும் சொல்லியிருக்கிறார், எழுதவும் சம்மதம்தான்.

கல்யாணமாகிப் பல வருடம் அவருக்குக் குழந்தையில்லை. அந்த ஏக்கம் இருந்தும் அக்கா, வடக்கே போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய அண்ணனை நெருங்க விடவில்லை. வழியோர ஓட்டல்களில் நடப்பது டிரைவர் மனைவிகளுக்குத் தெரியும். கிளம்பும் முன்பே லாரிப் பட்டறையில் நடந்த மருத்துவ முகாமில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ததாகவும், எதுவும் இல்லை என்றதாகவும் சொன்ன அண்ணன், “எஃப்.சி. எடுத்தாச்சு புள்ள, ஒரு வருசத்துக்குக் கவலையில்ல” என்றார். லாரிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்குவது போலத்தான் அந்தப் பரிசோதனையைப் பல டிரைவர்களும் நினைத்திருந்தார்கள்.

“ஏனுங்க, எஃப்.சி. எடுத்த பொறகு வண்டி ஓடவே இல்லீங்களா?” என்றார் அக்கா.

மறுநாள் இருவரும் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனார்கள். அங்கே ஆலோசகர் மலர்விழி, புதிதாகத் தொற்றிய கிருமி சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், முன்பு வந்த பரிசோதனை முடிவு பின்னால் நடந்ததற்குப் பொறுப்பாகாது, ஆணுறைதான் பாதுகாத்திருக்கும் என்று விளக்கினார். அண்ணனுக்குக் கிருமி இருந்தது. அக்காவுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை.

முடிவு தெரிந்த அன்று அண்ணன் தனித்தட்டை எடுத்துக்கொண்டு கேபினில் படுக்கக் கிளம்பினார்.

“தட்டு என்னங்க பண்ணுச்சு? ஒண்ணாச் சாப்புட்டா அது ஒட்டாதுங்க. ஊட்டுக்குள்ள வாங்க” என்றார் அக்கா. திட்டியது வேறு நாள், விடிய விடியத் திட்டினாராம்.

அண்ணன் ஒருநாளும் விடாமல் மாத்திரை போட்டார். ஆணுறையும் விடவில்லை. ரத்தத்தில் கிருமியின் அளவு தெரியாத அளவுக்குக் குறைந்து, அதே நிலை நீடித்தால் மனைவிக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே குழந்தைக்கு முயன்றார்கள். இனியா பிறந்தாள். தாய்க்கும் மகளுக்கும் கிருமி இல்லை.

இப்போது அண்ணன் வடக்கே போவதில்லை, ராசிபுரம் பக்கம்தான் லோடு. நேற்று மாலை அதே ஹாரன் கேட்டது. அக்கா சொம்போடு நின்று, “மாத்திர போட்டாச்சுங்களா?” என்றார். அண்ணன் தலையாட்டிய பிறகுதான் சொம்பு கை மாறியது. இனியாவோடு நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். வெங்காய வாசனை போய், மரவள்ளிக் கிழங்கின் மண்வாசனை அடித்தது.