ஆடி மாதத்துக் கல்யாண ஆல்பம்

எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு மேளம் வாசித்தவள் நான்தான். எவர்சில்வர் தூக்கில், கரண்டியால். அப்போது மூன்றாம் வகுப்பு.

எல்லாம் மாமா கிளப்பிய கூத்து. அம்மாவின் தம்பியான அவர், கல்யாணப் போட்டோ எடுத்தே பிழைப்பேன் என்று கேமராவும் கையுமாகப் பாலக்கரையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். விசாரிக்க வந்தவர்களெல்லாம், "முன்னாடி எடுத்த ஆல்பம் காட்டுங்க தம்பி" என்றார்கள். கல்யாணம் கிடைத்தால்தானே ஆல்பம், ஆல்பம் இருந்தால்தானே கல்யாணம்! ஆவணிக்குள் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் காந்தி மார்க்கெட்டில் தன் வெங்காய மண்டிக்கு வந்து உட்கார வேண்டும் என்று தாத்தா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார். ஏனென்று எனக்குத் தெரியாது.

ஆடி மாதம் ஆனதால் ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவருடைய கல்யாண மண்டபம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மாமா அதை ஒரு பகலுக்குக் கேட்டு வாங்கினார். கவரிங் நகை, இரண்டு மாலை, ஒரு மஞ்சள் கயிறு. பெண் எங்கள் அம்மா, மாப்பிள்ளை எங்கள் அப்பா!

"ஆடியிலயாடா?" என்று அம்மா பதறினாள்.

"எடுக்கறதே பொய்க் கல்யாணம். அதுக்கு ஆடி என்ன, ஆவணி என்னக்கா!"

மாமா கெட்டிமேளம் என்று கத்த, நான் தூக்கை வெளுத்து வாங்கினேன். அப்பா கயிற்றை அம்மாவின் கழுத்தருகே கொண்டுபோனார். அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டாள். நான் பயந்துபோய்த் தட்டுவதை நிறுத்திவிட்டேன். மாமா மட்டும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே, நடுநடுவில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை, வேர்த்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளியில், "நேத்து எங்க அம்மா அப்பாவுக்குக் கல்யாணம் மிஸ், அதான் வரலை" என்றேன். டீச்சர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆல்பம் தயாரானதும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்காக வந்தார். மளமளவென்று புரட்டியவர் அந்த அழுகைப் படத்தில் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்தா அம்மா காப்பியோடு வர வேண்டும்? அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க அம்மாதான். இந்த ஆடியிலதான் கல்யாணம் ஆச்சு. நான்தான் மேளம்!" என்றேன்.

போச்சு. மாமாவின் முகத்தில் வெங்காய மண்டியே தெரிந்தது.

அம்மாதான் உள்ளதைச் சொன்னாள். "எங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தோட முடிஞ்சிடுச்சுங்க. மாலைகூட மாத்திக்கலை, ஒரு போட்டோவும் இல்லை. தம்பி படம் எடுத்த அன்னிக்கு அவர் கயித்தை எடுக்கவும் மனசு தாங்கலை."

வந்தவர் ஆல்பத்தை மூடி வைத்தார். பிறகு அம்மாவிடம் தட்டும் வெற்றிலை பாக்கும் கேட்டு வாங்கி, அதில் அட்வான்ஸை வைத்து மாமாவிடம் நீட்டினார். "எம் பொண்ணையும் இப்படியே எடுத்துக் குடுங்க தம்பி."

மாமா தலை தப்பியது. அந்த அக்காவையும் இவர் எப்படி அழவைக்கப் போகிறார் என்பதுதான் எனக்குக் கவலை.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, காலண்டரை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். தூக்கோடு நான் சிரிக்கிற அருமையான படம் இருக்க, அழுகிற படத்தைப் போய் மாட்டுவார்களா என்று ஊரைக் கூட்டினேன். அப்பா அம்மா கையெழுத்துப் போடப் போன அன்று, பள்ளிக்கூடப் பையனான மாமா அக்காவைத் தேடி ஓடிவிடக் கூடாதென்று தாத்தா அவரை அந்த வெங்காய மண்டியில்தான் பூட்டி வைத்திருந்தாராம். அதையெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? மாமாவுக்கு வேர்க்கிறது என்றுதான் நினைத்தேன்.