முன்மாதிரி கேட்கும் கொளஞ்சியப்பன்

புவனகிரி டவுன் பஸ்ஸில் வலப்பக்கம் மூன்றாவது ஜன்னலோரம் காலியாக இல்லாவிட்டால் பேராசிரியர் கொளஞ்சியப்பன் ஏறுவதில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். மழையானாலும் நிற்பார். "வேற சீட்ல குந்துனா தல சுத்துது சார், பழக்கமில்ல" என்பார். சிதம்பரத்தில் இறங்கி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நடந்து வந்து, 'புத்தாக்க ஊக்குவிப்பு மையம்' என்று பலகை மாட்டிய அறையைத் திறப்பார். ஆசிரியர்களைப் புதிதாகச் சிந்திக்க வைப்பது அவர் பொறுப்பு.

ஐம்பத்தொன்பது வயது. தாவரவியல்காரர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார். யாரையும் கடிந்து பேசியதில்லை. யோசனையோடு யார் வந்தாலும் எழுந்து நின்று வரவேற்பார், நாற்காலியைத் துடைத்துப் போடுவார், பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்.

"சார், இன்னிக்கி டீல இஞ்சி தட்டிப் போடட்டா?" என்று கேட்பார் அலுவலக உதவியாளர் இருசம்மாள்.

"வேணாம் இருசம்மா. நேத்து மாதிரியே போடு."

"போர்டு மட்டும் எம்மாம் பெருசா மாட்டியிருக்கீங்க!"

அவரும் சேர்ந்து சிரிப்பார். டீ நேற்று மாதிரியே வரும்.

ஆண்டுதோறும் 'புதுமை வாரம்' நடத்துகிறார். பழைய அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுப்பது வழக்கம். ஒரு முறை சிறப்பு விருந்தினர் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த மனிதர் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. துணைவேந்தர் அலுவலகம் வரை யாரும் கவனிக்கவில்லை. இறந்தவரின் மனைவிதான் போன் செய்து, "அவரால வர முடியாதுங்க" என்றாராம். அன்று முழுக்கக் கொளஞ்சியப்பன் சாப்பிடவில்லை.

படிவத்தின் ஏழாவது கேள்வி அவரே எழுதிச் சேர்த்தது: 'இப்புதுமை இதற்கு முன் எங்கெல்லாம் செய்யப்பட்டுள்ளது? சான்று இணைக்கவும்.' நான்கு ஆண்டுகளில் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. தேறியவை இரண்டு. இரண்டும் பக்கத்துக் கல்லூரிகளில் பத்தாண்டாக நடப்பவை.

போன வியாழக்கிழமை, திரும்பி வந்த என் படிவத்தை வாங்கப் போயிருந்தேன். எங்கள் விலங்கியல் துறை இளவரசி உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு நிறையப் போகிறது, இன்னும் தகுதிகாண் பருவம்தான். எங்கள் ஆய்வகத்தில் மீன்கள் முப்பது வருடமாகப் பாட்டிலில் கிடந்து ஒரே வெள்ளையாகிவிட்டன. மாணவர்களுக்குச் சங்கராவும் ஒன்றுதான், கானாங்கெளுத்தியும் ஒன்றுதான். அதனால் இளவரசி அவர்களைக் கடலூர் துறைமுகத்துக்கு அழைத்துப்போய், மீன் விற்கும் அஞ்சம்மாளையே பாடம் நடத்த வைத்தார். "செவுளத் தூக்கிப் பாரு கண்ணு, பேர அப்பறம் கேளு" என்று அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்ததில் வகுப்பு முழுவதும் தேறியது. இளவரசிக்கு மெமோ வந்தது: பணி நேரத்தில் வளாகத்துக்கு வெளியே இருந்தது ஏன்? அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மையத்தின் ஒப்புதலைக் காட்டாவிட்டால் பணி நிரந்தரம் ஆகாது.

"ஏழாவது கேள்விக்கு 'எங்கும் இல்லை'ன்னு எழுதியிருக்கியேம்மா."

"புதுசுன்னா அப்படித்தான சார் இருக்கும்?"

"நல்லாத்தான்மா இருக்குது. நானே வந்து பாத்தேனே, அந்தம்மா என்னையும் நண்டப் புடிக்க வச்சாங்க. ஆனா எவனாச்சும் ஒருத்தன் மொதல்ல செஞ்சிருக்கணும்ல?"

"அந்த மொத ஆளு நானா இருந்தா என்னா சார்?"

கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "தொண்ணூத்தெட்டுல நான் பரீட்சைய மரத்தடியில வச்சேன். எலயக் கையில குடுத்துப் பேரு கேட்டேன். பசங்க ஜோரா எழுதுனாங்க. எனக்குத்தான் மெமோ. புரமோஷன் நாலு வருஷம் தள்ளிப்போச்சு."

"அப்ப உங்களுக்காக யாராச்சும் கையெழுத்துப் போட்டாங்களா?"

"இல்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அதுக்கும் முன்மாதிரி இல்லம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மணி நாலே முக்கால். இளவரசி எழுந்து படிவத்துக்குக் கை நீட்டினார். கொளஞ்சியப்பன் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், தாளின் மேல் ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே வைத்திருந்தார். பிறகு மூடி, பையில் செருகிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து, விரல் நுனியில் கூர் பார்த்து, தன் முழுப் பெயரையும் பதவியையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.