என் முதுகில் சவர்க்காரம்

அந்த நாட்களில் கொழும்பில் ஹொக்கி நன்றாக விளையாடினால் பெரிய கம்பனியில் வேலை கிடைக்கும். படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் வெள்ளவத்தைச் சந்துகளில் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்குக் காலும் கண்ணும் ஒழுங்காக இருந்ததால் வேலை கிடைத்தது. சவர்க்காரம், பற்பசை, தலை எண்ணெய் என்று வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் செய்து விற்ற கம்பனி அது. பேருக்கு ஒரு மேசையும் கதிரையும் தந்திருந்தார்கள். பின்னேரமானால் மைதானத்தில் நிற்க வேண்டும். நான் பின்வரிசையில் வலப்பக்கத்து ஆட்டக்காரன், இலக்கம் நான்கு.

அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டா. அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "தடியைத் தூக்கிக்கொண்டு பந்துக்குப் பின்னால ஓடுறவனுக்கு எந்த வீட்டில பொம்பிளை குடுப்பினம்?" என்று காலையில் தேத்தண்ணியோடு தொடங்குவார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவேன். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

அவரை மாற்றியது ஒரு ஜேர்சி.

கம்பனியின் விளம்பரப் பகுதிக்கு ஒரு மனேஜர் இருந்தார். அவரும் தமிழர்தான். கொழும்பிலேயே பிறந்து கொழும்பிலேயே படித்தவர். தமிழ் அவர் வாயில் வருவதே சமையற்காரியோடு மட்டும் என்று கந்தோரில் கேலி செய்வார்கள். அவர் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை கொண்டுவந்தார். அதில் பனியின் மேல் சறுக்கிக்கொண்டு ஹொக்கி விளையாடுகிறவர்களின் படங்கள். நெஞ்சில் பெரிய சின்னம். முதுகில் பெரிய இலக்கம், அதற்கு மேலே வில்லாக வளைந்து ஆட்டக்காரனின் குடும்பப் பெயர். "நாங்களும் இனி இப்பிடித்தான். ப்ரொபெஷனலாத் தெரிய வேணும்" என்றார். அந்த வருடம் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். எங்களைத் தெருவில் நடக்கும் விளம்பரப் பலகைகளாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு.

அவருடைய முதல் வரைபடத்தில் ஜேர்சி மஞ்சள் நிறம், கையில் கறுப்புக் கோடுகள். யாரோ அவர் காதில் எதையோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளே மஞ்சள் போய் நீலம் வந்துவிட்டது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டால் எந்த மிருகம் ஞாபகத்துக்கு வரும் என்று அப்போது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வலக்கையில் பற்பசை, இடக்கையில் தலை எண்ணெய், நெஞ்சில் கம்பனிச் சின்னம். கழுத்தில் சப்பாத்துக்குக் கட்டுவதுபோல ஒரு நாடா. பனியில் விளையாடுகிறவன் குளிருக்கு இறுக்கிக் கட்டுவதற்கு வைத்த நாடா அது. கொழும்பு வெயிலில் எங்களுக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சஞ்சிகையில் இருந்தது, அதனால் எங்கள் கழுத்திலும் இருந்தது.

முதுகில் பெயர் என்றதும் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், அவ்வளவுதான். ஆனால் கந்தோர்ப் பத்திரங்களில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட விடமாட்டார்கள். எல்லோரையும் போல நானும் அதில் அப்பாவின் பெயரைத்தான் போட்டிருந்தேன். அதனால் கந்தோரில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதுகில் வரப்போவதும் அதுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பிட்டைப் பிசைவதை நிறுத்தினார்.

"என்ர பேரோ?"

"ஓம். உங்கட பேர்தான். ரீவீலயும் காட்டுவினம்."

"எவ்வளவு பெரிசா?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் மிச்சப் பிட்டையும் சாப்பிட்டு முடித்தார். ஆனால் அடுத்த நாள் முதல் பொம்பிளை குடுக்கிற கதை நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் உலாவப் போகும்போது சந்திக்கிறவர்களிடமெல்லாம் இறுதி ஆட்டம் எந்த நாள், எந்தச் சானல் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். முப்பது வருடம் மற்றவர்களின் பெயரைப் பார்த்துக் கடிதங்களை வகை பிரித்த மனிதர். தன் பெயரை ஊர் வாசிக்கப்போகிறது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆட்டத்துக்கு முந்தின கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜேர்சிகளை அச்சடித்த பட்டறை அங்கே ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. மை நாற்றம் மூக்கைத் துளைத்தது. கொடியில் வரிசையாக நீல ஜேர்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. சிங்களப் பெயர்கள், ஒரு மலாய்ப் பெயர், ஒரு பறங்கிப் பெயர், எல்லாம் வெள்ளை எழுத்தில் வில்லாக வளைந்து அழகாக இருந்தன. நான்காம் இலக்கத்தைத் தேடினேன். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் எங்கள் கம்பனியின் புதுச் சவர்க்காரம், நுரையோடு.

அச்சடிப்பவர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "ஒங்க பேரு மொதல்ல போட்டாச்சுங்க சார். நேத்து ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, அத எடுத்துட்டு இத போடுன்னாங்க. தின்னர் போட்டு தொடச்சுப் பாத்தோம், தடம் போகல. அதான் பொட்டி கொஞ்சம் பெருசா போட வேண்டியதாப் போச்சு."

விரலால் தடவிப் பார்த்தேன். றப்பர் மை தடித்துக் கிடந்தது. அப்பாவின் பெயர் அதற்குள்தான் இருந்தது.

திங்கட்கிழமை மனேஜரின் அறைக்குப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, எனக்காகத் தமிழில் கதைத்தார்.

"பைனலில எதிர்ப்பக்கம் ஆமி டீம். க்ரவுட் முழுக்க அவங்கட ஆக்கள். லைவ் டெலிகாஸ்ட். உம்மட பேர் அவ்வளவு பெரிசா இருந்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சீரோ?"

"மற்ற எல்லாருக்கும் பேர் இருக்குத்தானே, சேர்."

"மற்றவங்களுக்குப் பிரச்சினை இல்லை. இது உம்மட நன்மைக்குத்தான்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "அதோட புது சோப்புக்கும் ஒரு இடம் வேணும்."

என் நன்மைக்கு என்றவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய அறைக் கதவிலும் பெயர் இல்லை, பதவி மட்டும்தான் எழுதியிருந்தது என்பதை வெளியே வரும்போது பார்த்தேன். பயந்தவன் தன் பயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதை என் முதுகில் அச்சடிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் வென்றோம். கூட்டம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆமிக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசி நிமிடங்களில் அவர்களுக்கு ஒரு பெனல்டி கோர்னர் கிடைத்தது. நாங்கள் கோல் கோட்டில் குனிந்து நின்றோம். பந்து எல்லோரையும் தாண்டி வந்தபோது நான் கோட்டிலேயே மறித்து வெளியே தள்ளினேன். கமராக்காரர்கள் கோலுக்குப் பின்னால்தான் இருப்பார்கள். அதனால் எங்கள் முதுகுகள்தான் படத்தில் விழுந்தன. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். அடுத்த நாள் பத்திரிகையிலும் அதுவே படம். குனிந்து நிற்கும் ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரின் முதுகிலும் பெயர், நடுவில் ஒரு சவர்க்காரம். அந்த றப்பர்ப் பெட்டிக்குள் காற்றே போகாது. அதன் கீழே வேர்வை தேங்கி முதுகு பொங்கியிருந்தது.

வீட்டுக்குப் போனபோது ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டிருந்த ஆட்களை அப்பா அனுப்பிவிட்டிருந்தார். கதிரைகள் மட்டும் அப்படியே வட்டமாகக் கிடந்தன.

"நல்லா விளையாடினாய்" என்றார். அவர் என் விளையாட்டைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த ஞாயிறு விடியவே எங்கள் தெருவைப் பொலிஸ்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். சாரமும் பெனியனுமாக நின்ற என்னை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அடையாள அட்டையில் கண்டதும் பஸ்ஸில் ஏற்றினார்கள். கம்பனி அட்டையை வேலை முடிந்து போகும்போது வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் கம்பனிச் சட்டம். அது கந்தோரில் கிடந்தது. அப்பா பக்கத்துக் கடையிலிருந்து மனேஜரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். யார் என்று கேட்டார்களாம், இவர் பெயரைச் சொன்னாராம், ஐயா வீட்டில் இல்லை என்று வைத்துவிட்டார்களாம்.

பின்னேரம் அப்பா பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். கையில் குடையும் ஒரு பிளாஸ்டிக் பையும். பைக்குள் அந்தப் படம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் அதை நீட்டி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மகன் கம்பனிக்கு விளையாடுகிறவன் என்றார். அதிகாரி என் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, படத்திலிருந்த முதுகுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"நம கோ?" என்றார். பெயர் எங்கே?

அப்பா சவர்க்காரத்தைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. முகம் தெரியாத, பெயர் இல்லாத ஒரு முதுகு யாருடையதாகவும் இருக்கலாம். அதைக் குறை சொல்லவும் முடியாது.

அப்போது சுவரோரம் இருந்த வயதான பொலிஸ்காரர் ஒருவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி நில் என்றார். திரும்பினேன். குனிந்து காட்டு என்றார். தொலைக்காட்சியில் நின்ற மாதிரி நில் என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் இல்லாத தடியைப் பிடித்து, சுவரைப் பார்த்துக் குனிந்தேன். எனக்குப் பின்னால் அப்பா நின்றார்.

"அர சபன் ஏகா நே மே" என்று அந்த வயதான பொலிஸ்காரர் சிரித்தார். இவன் அந்தச் சவர்க்காரக்காரன் அல்லவா. மற்றவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் அந்தச் சவர்க்காரத்தின் வானொலி விளம்பரத்தைப் பாடிக்கூடக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். அவர்களைக் கோல் கோட்டில் ஒருவரும் கண்டதில்லை.

காலி வீதியில் நடந்து வந்தோம். ஒரு கடை வாசலில் அப்பா நின்றார்.

"அண்டைக்கு என்ர பேரைப் போட்டிருந்தா சோப்பும் இருந்திராது, அந்த மனுசனுக்கு ஞாபகமும் இருந்திராது" என்றார். "எல்லாம் உன்ர நன்மைக்குத்தான், தம்பி. போடாமல் விட்டது நல்லதாப் போச்சு."

மனேஜர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அப்பா சொன்னபோது அழுகை வந்தது.

அடுத்த நாள் கந்தோரில் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. மனேஜர் என் தோளில் தட்டி, இதைவிட நல்ல விளம்பரம் உண்டோ என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. வேலை வேண்டியிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு அந்தப் படத்தைச் சட்டைப் பையில், அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பொரளையில் டொக்டரிடம் போகும்போது வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள், எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்போம். அவருடைய முறை வந்ததும் அட்டையைக் கொடுப்பார். ஆமிக்காரன் அதிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினால், அவன் முடிக்கும் முன்பே அவசரமாகப் படத்தை எடுத்து விரிப்பார். என் பக்கம் கையைக் காட்டுவார். பிறகு அந்தச் சவர்க்காரத்தின் மேல் விரலை வைத்து, "மே மகே புத்தா" என்பார். இதுதான் என் மகன்.