கஸ்டம்ஸ் க்ளெனிஸின் சாவி

க்ளெனிஸ் ப்ரோபர்ட்டை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரன்பா பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பதினெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன் அவள். கீழே எங்கள் இயந்திரங்களின் மின்சாரம் தடித்த இரும்புப் பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கும். உள்ளே பொறி பறந்தாலும் வெளியே உள்ள மீத்தேன் பற்றிக்கொள்ளக் கூடாது. மூடியின் இடுக்கில் அவள் ஒரு மெல்லிய தகட்டை விட்டுப் பார்ப்பாள். அது உள்ளே நுழைந்துவிட்டால், மேனேஜர் தலைகீழாக நின்றாலும் அன்று அந்த இயந்திரம் ஓடாது.

மனிதர்களிடமும் அப்படித்தான். கீழே இறங்குமுன் ஜோடி ஜோடியாக ஒருவர் உடுப்புப் பைகளை ஒருவர் தடவிப் பார்க்க வேண்டும். போன், லைட்டர், பேட்டரி போட்ட சாமான் எதுவும் கூடாது. அவள் கைக்குச் சட்டைத் தையல்கூடத் தப்பாது. அதனால் அவளுக்கு 'கஸ்டம்ஸ்' என்று பெயர். மார்ச்சில் நான் கழற்ற மறந்த கைக்கடிகாரத்தைப் பிடித்து என்மேல் புகார் எழுதிக் கொடுத்தாள்.

"மறந்துட்டேன் க்ளென்."

"மீத்தேனுக்கு அது தெரியுமா?"

இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். எரிச்சல் ஆறவே இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை அவளுக்கு ஜோடி நான். என்னைத் தலை முதல் கால்வரை தடவினாள். என் முறை வந்ததும் தோளில் ஒரு தட்டு தட்டி, "கஸ்டம்ஸையே யாரு சோதிக்கிறது? போம்மா," என்றேன். வரிசை சிரித்தது. வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். கரி வெட்டும் இயந்திரம் நின்றுபோயிருந்ததால் போய்விட்டாள்.

கீழே, கரி வெட்டும் இடத்தில் மின்சாரத்தை அணைத்துப் பூட்டினாள். வாயு மீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, தகட்டை எடுக்கக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அப்படியே நின்றாள்.

"டேரன், மீட்டரைப் பாரு. என் கையப் பாக்காத."

பார்க்காமல் இருப்பேனா? பொத்தான் வைத்த கார் சாவி. உள்ளே பேட்டரி.

"தங்கச்சியோடது. என் வண்டி ஒர்க்‌ஷாப்ல கெடக்கு," என்றாள். அவளுடைய பழைய வண்டிச் சாவி வெறும் இரும்பு. சாவிதானே என்று பழக்கத்தில் இதையும் பைக்குள் போட்டிருக்கிறாள்.

மீட்டரில் மீத்தேன் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. சுத்தக் காற்றைத் திருப்பிவிடும் திரை எங்கோ சரிந்திருக்க வேண்டும். ஐந்தைத் தொட்டால் ஒரு பொறி போதும், எங்கள் பகுதியில் இருந்த பத்துப் பேரும் அவ்வளவுதான்.

"கீழ வெச்சிட்டு ஓடிரலாம்," என்றேன்.

"வெச்சா இதுவும் கேஸும் ஒண்ணா இங்கயே இருக்கும். முன்னாடி நட. நம்பரச் சொல்லிட்டே போ."

விரித்த உள்ளங்கையில் சாவியை ஏந்தியபடி பின்னால் வந்தாள். பொத்தானில் விரல் படக் கூடாது, சாவி விழவும் கூடாது. சுத்தக் காற்று வரும் திருப்பம்வரை நூற்றைம்பது மீட்டர்.

"ஒண்ணு புள்ளி நாலு."

"மெதுவா."

"ஒண்ணு புள்ளி ஏழு. க்ளென், ஏறுது."

"தெரியுது. ஓடாத."

ஒன்று புள்ளி ஒன்பது. தோளில் நான் தட்டிய அந்த ஒரு தட்டுதான் நினைவில் இருந்தது. திருப்பம் வந்தது. முகத்தில் காற்று அடித்தது. மீட்டர் புள்ளி இரண்டுக்கு இறங்கியது. சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் நோலன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வந்து சாவியைப் பார்த்தார்.

"டேரன் மட்டும்தான பாத்தான்? விடு க்ளென். ஒண்ணும் ஆகலயே."

மார்ச்சிலிருந்து நான் காத்திருந்த நேரம் அது. ஆனால் அவளைச் சோதிக்காமல் விட்டவன் நான்.

மேலே வந்ததும் க்ளெனிஸ் படிவத்தைக் கேட்டு வாங்கித் தன்மேல் தானே புகார் எழுதினாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். 'சோதித்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"உன் பேர நான் எழுதல," என்றாள். "நீ எழுதுவியோ, மறந்துட்டேன்னு சொல்லுவியோ."

எழுதினேன்.

இரண்டு பேருக்கும் இரண்டு வாரம். ஒரே திங்கட்கிழமை திரும்பினோம். அவள் நேராக என் முன்னால் வந்து கைகளை விரித்து நின்றாள்.

"நல்லாத் தேடு."

வரிசை காத்திருந்தது. ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்தேன். அவள் உடுப்பில் மொத்தம் ஒன்பது பைகள். அன்றுதான் எண்ணினேன்.