சாக்குக்கு வெளியே ஒரு பெல்

மதுரையிலிருந்து டெல்லிவரை சைக்கிளிலேயே வந்தவன் என்ற கர்வத்தோடுதான் நிஜாமுதீன் ரயில் நிலையப் பார்சல் ஆபீசுக்குப் போனேன். ஊர் திரும்ப எனக்கும் சைக்கிளுக்கும் ஒரே ரயில். வாசலில் சாமான் கட்டுபவர் டெல்லியிலேயே பிறந்த தமிழர். முப்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் ஒரு கோணி ஊசி. அது இருக்கிறதா என்று பேச்சுக்குப் பேச்சு தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

நாற்பத்தொரு நாள் மிதித்து வந்ததைச் சொன்னேன். அவர் ஹேண்டில்பாரைத் தடவினார்.

“பெல் எங்க சார்?”

“ஹைவேல அடிச்சா யாருக்குக் கேக்கும்? கழட்டிட்டேன்.”

“பெல் இல்லாத சைக்கிள நான் கட்ட மாட்டேன் சார்.”

தன் டப்பாவிலிருந்து துருப்பிடித்த பெல் ஒன்றை எடுத்து மாட்டினார். சைக்கிள் முழுவதையும் சாக்கில் சுற்றித் தைத்து, பெல்லை மட்டும் வெளியே விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

“சாக்குல சுத்திட்டா எல்லாமே வெறும் சாமான்தான். பெல் வெளிய இருந்தா, தூக்குறவன் சும்மா ஒரு தடவ அடிச்சுப் பாப்பான். அடிச்சவனுக்கு எறிய மனசு வராது. அச்சா சார், நீங்க போய் சீட்ல உக்காருங்க.”

மதுரையில் இறங்கியதும் பார்சல் பெட்டியை நோக்கி ஓடினேன். மூட்டைகள் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. நடுவில் பெல் சத்தம் கேட்டது. நரைத்த மீசைக்காரப் போர்ட்டர் ஒருவர் என் சைக்கிளை இரண்டு கையாலும் அணைத்து மெல்ல இறக்கினார். கீழே நிறுத்திய பிறகும் இன்னொரு தடவை அடித்தார்.